இன்னுங்கொஞ்சமும் என் நாலு அங்குலமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு இன்றைக்கு உயிரோடு நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த மனிதரிடம் திட்டு வாங்கிப் பிழைத்தவர்கள். மீதிப் பேரும் வாங்கியவர்கள்தான், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எப்போது பார்த்தாலும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் 'இன்னுங்கொஞ்சம்'. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கேன்டீனுக்குப் பக்கத்து அறையில், ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் மூச்சை அளந்து சீட்டு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. குழாயை வாயில் கவ்வி, மூக்கில் கிளிப்பை மாட்டி, நெஞ்சு முட்டக் காற்றை இழுத்து, ஒரே ஊதாக ஊத வேண்டும். ஊதி முடித்துவிட்டோம் என்று நாம் நினைக்கிற இடத்தில்தான் அவர் ஆரம்பிப்பார்.

"விடாதீங்க! இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்! இன்னுங்கொஞ்சம்ம்ம்!"

ஆள் நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். குரல் மட்டும் பத்துச் சக்கர லாரி. முன்பு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாராம். 'உள்ள போங்க, இன்னும் கொஞ்சம் உள்ள போங்க' என்று ஜனங்களைத் திணித்துப் பழகிய தொண்டை, படித்துப் பாஸ் செய்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அதே வார்த்தையை வைத்துக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கேன்டீனில் வடை தின்கிறவர்கள் அவர் சத்தத்துக்குத் தங்களையறியாமல் மூச்சை விட்டு, அடுத்த கடிக்குத் திணறுவார்கள். ஒரு தடவை மருந்து இறக்க வந்த வேன் டிரைவர் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோ ஊதிக்கொண்டிருந்தார்கள். யாரோ நல்லவர் தனக்குத்தான் வழி சொல்கிறார் என்று நம்பி, அந்த டிரைவர் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சமாகப் போய் ஜெனரேட்டர் கொட்டகைக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். கொட்டகையில் அதுவரை கதவு இருந்தது.

இப்பேர்ப்பட்டவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது என் தொப்புளால்.

நான் கீரமங்கலத்தில் பி.டி. வாத்தியார். சிரிக்க வேண்டாம், சிரிக்கிறவர்களை எல்லாம் கிரவுண்டைச் சுற்ற விட்டவன் நான். எடை நூற்றுப் பன்னிரண்டு. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயில் விசிலை வைத்துக்கொண்டு, இருபத்து நான்கு வருடமாகப் பிள்ளைகளின் உடம்பைத் தேற்றி வந்தேன். என் உடம்பு யாரும் தேற்றாமலே தேறியது. போன வருடம் ஒருநாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது தொப்புளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. அழுத்தினால் உள்ளே போகிறது. இருமினால் எட்டிப் பார்க்கிறது. ஒரு வாரம் அதோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்வி பார்த்துவிட்டாள்.

"குடல் எட்டிப் பாக்குது சார்" என்றார் ஆபரேஷன் செய்கிற டாக்டர். "இப்பத் தள்ளுனா உள்ள போகுது. ஒருநாள் மாட்டிக்கிட்டா அவசரமா வயித்தத் தொறக்கணும். அதுக்கு முன்னாடி நம்மளே ஒரு நல்ல நாளாப் பாத்து முடிச்சிரலாம்."

"மாட்டிக்கிட்டா என்ன ஆகும் டாக்டர்?"

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. செல்வியைப் பார்த்துச் சொன்னார். டாக்டர் நம்மை விட்டுவிட்டு நம் வீட்டம்மாவிடம் பேச ஆரம்பித்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா. சாந்தமான முகம். அந்தச் சாந்தம் இன்னும் பயமுறுத்தியது.

"கொறட்டை உண்டா?"

"இல்லைங்க மேடம்" என்றேன்.

"எதுத்த வீட்டுக்காரங்களுக்கு வேணா போன் போட்டுத் தாரேன், கேளுங்க மேடம்" என்றாள் செல்வி.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருமா?"

செல்வி கொஞ்சம் யோசித்தாள். "நிக்கும் மேடம். நின்னா நான் வெலாவுல ஒரு குத்து விடுவேன். வந்துரும்."

இருபத்தொரு வருடமாக, இவள் ஏதோ கனவில் யாரையோ அடிக்கிறாள், குறுக்கே நாம் படுத்திருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குத்தும் எனக்கு உயிர்ப்பிச்சை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டு பொறுமையாக விளக்கினார். மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிற்றுக் கொழுப்பு மொத்தமும் மேலே ஏறி நுரையீரலை அமுக்குமாம். அடிப்பாகம் சுருங்கிப்போகுமாம். ஒல்லியானவர்களுக்கு மூச்சை விட்ட பிறகும் நெஞ்சில் கொஞ்சம் காற்று கையிருப்பு இருக்குமாம். "ஒங்கள மாதிரி ஒடம்புக்கு அது கம்மி. சீக்கிரம் தீந்துரும். அதனால மொதல்ல மூச்ச அளந்துட்டு வாங்க."

அவ்வளவு விளக்கத்தில் என் காதில் விழுந்தது 'தீந்துரும்' மட்டும்தான்.

மூச்சை அளப்பதற்கு முன் நர்ஸ் ஒரு சீட்டு எழுத வேண்டும். எடை மெஷின் இருந்தது, ஏறினேன், அது தன் கருத்தைச் சொன்னது. உயரம் அளக்கிற கம்பத்தில் தலையைத் தொடும் பலகை கழன்று போயிருந்தது.

"ஒசரம் எவ்வளவு சார்? நீங்களே சொல்லிருங்க."

இந்த இடத்தில் ஒரு பழைய பாவத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பெண் பார்த்தபோது ஜாதகத்தோடு ஒரு தாளில் படிப்பு, வேலை, நிறம், உயரம் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பி.டி. வாத்தியார். அந்த வேலைக்கு ஐந்தடி ஐந்து அங்குலம் எழுதினால் எடுப்பாக இருக்காதே என்று ஒரு நாலு அங்குலம் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் திருத்த சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. செல்வி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்.

"அஞ்சடி ஒம்பது" என்றேன்.

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் எழுதிவிட்டாள்.

இன்னுங்கொஞ்சத்தின் அறையில் நான் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி காத்திருந்தேன். எனக்கு முன்னால் எழுபது வயது இருக்கும் ஒரு ஆத்தா. ஆலங்குடிப் பக்கம் கடலைக் காட்டு வேலையாம். ஒரே ஊது. அவர் மூன்றாவது 'இன்னும் கொஞ்சம்' சொல்லும்போது அந்த ஆத்தா குழாயை எடுத்துவிட்டு, "ஏந்தம்பி கத்துற, இன்னும் எவ்வளவு வேணும் ஒனக்கு?" என்று கேட்டது. அவர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு சீட்டில் என் வேலையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாங்க வாத்தியாரே. விசிலு ஊதுற கை. நமக்கு ஈசி."

வாய் என்று சொல்லியிருக்க வேண்டும், நான் திருத்தவில்லை. உயிர் அவர் கையில்.

"அந்த மெஷினுக்கு முன்னாடி என் மெஷினு ஒண்ணு இருக்கு" என்றார். "ஒரே மூச்சுல, கண்டக்டரு கூப்புடற மாதிரி நிறுத்தி, இழுத்துச் சொல்லணும். புதுக்கோட்ட, திருவரங்குளம், வம்பன், ஆலங்குடி, கொத்தமங்கலம், கீரமங்கலம், அறந்தாங்கி. அங்கிட்டுப் போயி அப்படியே இங்கிட்டுத் திரும்பி வரணும். மூச்சு எங்க நிக்குதோ அங்க எறங்கிரணும். ரெடியா? ரைட்!"

சொன்னேன். திருவரங்குளம் வரை ராஜபாட்டை. வம்பனில் லேசாக இரைத்தது. ஆலங்குடியில் கண் இருட்டியது. கொத்தமங்கலத்தில் 'கொத்த' மட்டும் வந்தது, 'மங்கலம்' வரவில்லை.

அவர் முதல் தடவையாகக் குரலை இறக்கினார். "ஒங்க ஊரு எது வாத்தியாரே?"

"கீரமங்கலம்."

"அடுத்த ஸ்டாப்புதானே. வீட்டுக்கே போய்ச் சேரலியே."

நான் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்தவன். வீடு போய்ச் சேராத மூச்சோடு ஆபரேஷன் மேசையில் படுக்கப் போகிறவன் என்ன ஜோக் அடிப்பான்?

பிறகு மெஷின். மூன்று தடவை ஊதினேன். கேன்டீனில் பாத்திரம் உருண்டது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். காகிதத்தில் வந்த கணக்கு, இந்த உயரத்துக்கும் வயசுக்கும் இருக்க வேண்டிய மூச்சில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அது பாஸ்தான். டாக்டரம்மாவுக்கு அது போதவில்லை.

"மூணு வாரம் டைம். எடையக் கொறைங்க, மூச்சுப் பயிற்சி செய்ங்க. அப்பவும் இப்படியே இருந்தா இங்க வேண்டாம், தீவிர சிகிச்சை வசதி பெருசா இருக்கற எடத்துக்குத் திருச்சிக்கு அனுப்புறேன். நடுவுல வலி, வாந்தி வந்தா ஒடனே ஓடி வந்துரணும்."

ஓடி வருவது யார்?

டாக்டரம்மாவின் அறையை விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இன்னுங்கொஞ்சம் வந்தார். "பயந்துட்டீங்களா? நொரையீரலு நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. பஸ்ஸு பெருசு, சீட்டு அம்புட்டும் இருக்கு. ஒங்க தொப்பதான் அடியிலேருந்து ஏறி, உள்ள இருக்கறவன ஒக்கார விடாம நசுக்குது. அந்தத் தொப்பய எறக்கணும். அம்புட்டுத்தான்." போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "சாயங்காலம் கூப்புடுவேன். பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் சும்மாதான் நிக்கிறேன்."

அந்த மூன்று வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று சொன்னால் என்னிடம் படித்த பிள்ளைகள் யாரும் இனி விசிலுக்கு நிற்க மாட்டார்கள். இருமல் வந்தால் தொப்புளைப் பிடித்துக்கொள்வேன். தும்மல் வந்தால் செல்வியையும் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்வேன். மல்லாக்கப் படுத்தால் வயிறு நெஞ்சின் மேல் ஏறி உட்காருவது, முன்பு தெரியாதது, இப்போது துல்லியமாகத் தெரிந்தது. ஒருக்களித்துப் படுத்தேன். பிறகு சாய்வு நாற்காலிக்கு மாறினேன். மூச்சு என்பது கவனிக்காதவரை தானாக நடக்கிற காரியம். கவனிக்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றையும் நாமே இழுத்து நாமே விட வேண்டியதாகிவிடுகிறது. ஒரு மத்தியானம் முழுக்க, நான் மறந்துபோய் ஒரு மூச்சை இழுக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். எடை குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

பயம் முற்றி, கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோ தேர்ந்தெடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நம் ஊரில் ஆள் போனால் அரை மணியில் சுவர் உயரத்துக்கு பேனர் நிற்கும். அவசரத்தில் கையில் கிடைத்த போட்டோவைப் போட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கு முந்திய, இடுப்பு தெரிகிற போட்டோ ஒன்றை எடுத்துச் செல்வியிடம் நீட்டினேன்.

"இதப் போடச் சொல்லு."

வாங்கிப் பார்த்தாள். "இதப் போட்டா யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சு ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று சொல்லி, பீரோவுக்கு மேலே வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்படியில் அவள் முதுகு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அதற்கப்புறம் நான் பேனர் பேச்சை எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் என் தங்கச்சி அறந்தாங்கியிலிருந்து வந்து இறங்கினாள். கையில் நாலடுக்குக் கேரியர். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு. மாசமாக இருக்கிற பெண்ணுக்குச் செய்கிற கட்டுச்சோறு சீர், ஒன்று குறையாமல்.

"அண்ணே, ஆபரேசன் முடிஞ்சா வெறுங்கஞ்சிம்பாங்க. இப்பவே வாய்க்கு ருசியாத் தின்னுக்கண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு அங்கிட்டு நின்று என் வயிற்றையும் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தனாவது மாசம் வாத்தியாரே?"

அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். "ம், கெளம்புங்க. ரைட்!"

ஆரம்பித்தேன். ஆலங்குடிக்கு வந்ததும் போனைத் தள்ளிப் பிடித்து, சத்தமில்லாமல் ஒரு வாய்க் காற்றை இழுத்துவிட்டுத் தொடர்ந்தேன். கீரமங்கலம் என்று கம்பீரமாக இறங்கினேன்.

"ஆலங்குடியில எறங்கி டீ குடிச்சீங்களா?"

"என்னது?"

"பஸ்ஸு கொஞ்ச நேரம் நின்னுச்சே. அந்த டீயில புளிச்சோறு வாடை வேற அடிக்குது. மறுபடி புதுக்கோட்டையிலேருந்து கெளம்புங்க."

புளிச்சோறு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முந்தின ஏப்பம் போனில் போயிருக்கலாம்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்திருந்தார்கள். மூன்று கூண்டு, மூன்று பந்து. குழாய் வழியாக உள்ளே இழுத்தால் பந்துகள் ஏறி நிற்க வேண்டும். என்னிடம் ஒன்று மட்டும் ஏறியது. இரண்டாவது, வேப்பமரத்தடியில் என்னிடம் டிரில் படித்த பிள்ளை மாதிரி, இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு வாரம் போராடிவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் மூன்று பந்தும் தாமாகவே மேல்தட்டுக்குப் போய்விடும். அந்தக் கோலத்தில் ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

உடனே போன். "பந்து மூணும் ஏறிருச்சு, சந்தோசம். பெட்டியில இருக்கற எழுத்து ஏன் வாத்தியாரே செரசாசனம் பண்ணுது?"

நான் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"என்னய ஏமாத்தலாம், தப்பில்ல. மயக்கம் குடுத்த பெறகு நெஞ்சுக்குள்ள போயி அங்க யார ஏமாத்துவீங்க?" கத்தவில்லை, மெதுவாகச் சொன்னார். பெட்டியை நேராக நிமிர்த்தி வைத்தேன். அன்றிலிருந்து மணிக்குப் பத்துத் தடவை ஒழுங்காக இழுத்தேன். வேப்பமரத்தடி நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டேன். பிள்ளைகளோடு கிரவுண்டைச் சுற்றி நடந்தேன். நான் நடப்பதைப் பார்க்க ஆபீஸ் கிளார்க் ஜன்னலைத் திறந்தார்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், டீ குடிக்காமல், ஒரே மூச்சில், கீரமங்கலத்தில் போய் இறங்கினேன். போனுக்கு அந்தப் பக்கம் ஒரு விசில் சத்தம். கண்டக்டர் விசில். பழசைப் பையிலேயே வைத்திருப்பார் போல.

அப்படிப்பட்ட மூச்சோடுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எடை நூற்று ஏழு. அன்றைக்கும் அதே ஸ்டூல், அதே குழாய். ஊதினேன். அவர் கத்தினார். மறுபடி ஊதினேன். காகிதம் வந்தது. ஐம்பத்தெட்டு.

திருச்சி. தீவிர சிகிச்சை. பீரோ மேல் இருக்கிற போட்டோ. செல்வி சுவரோரம் நின்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இன்னுங்கொஞ்சம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடக்காதே. கீரமங்கலம் போன மூச்சு வாத்தியாரே இது. நான் காதால கேட்டேன். மெஷினு பொய் சொல்லாது, இன்னிக்குக் காலையிலதான் சரி பாத்தேன். நான் பொய் சொல்ல மாட்டேன்." கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "இந்த ரூம்புல இன்னொரு ஆளும் இருக்காரு."

சீட்டை எடுத்தார். விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். "எந்திரிங்க."

"எதுக்குங்க?"

"எந்திரிங்கங்கறேன்!"

இத்தனை நாளில் அவர் என்னை உட்கார்ந்த கோலத்தில்தான் கவனித்திருந்தார். எழுந்தேன். அண்ணாந்து பார்க்கத் தயாராக இருந்தவர், கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியதாயிற்று. மேசை டிராயரிலிருந்து டேப் எடுத்தார். "கதவு நெலையில முதுக ஒட்டி நில்லுங்க."

நின்றேன். குதிகாலை லேசாகத் தூக்கினேன். இருபத்து நான்கு வருடமாக, விளையாட்டு விழாவுக்கு உயரம் எடுக்கும்போது பிள்ளைகள் என்னிடம் செய்கிற அதே வேலை.

"குதிகாலு!"

கேன்டீனில் எத்தனை பேர் குதிகாலை இறக்கினார்களோ தெரியாது. நான் இறக்கினேன். டேப்பைப் பார்த்தார். "அஞ்சடி அஞ்சு. சீட்டுல ஒம்பது. நாலு அங்குலம் எங்க வாத்தியாரே?"

நான் செல்வியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். மயக்க மருந்து இல்லாமலே மயக்கம் வரும் போலிருந்தது.

அவர் விட்டாரா? "ஆளு ஒசரத்த வச்சுத்தான் இந்த மெஷினு இவ்வளவு காத்து வரணும்னு கணக்குப் போடும். எடைக்குக் காத்து கெடையாது, ஒசரத்துக்குத்தான். நீங்க பாட்டுக்கு நாலு அங்குலம் கூடச் சொல்லிட்டீங்க. அந்த நாலு அங்குலத்துக்கு உண்டான காத்தயும் அது கேக்குது. இல்லாத நெஞ்சுலேருந்து எப்படி வாத்தியாரே ஊதுவீங்க? மூணு வாரமா நீங்க பயந்த பயத்துல பாதி இந்த நாலு அங்குலத்துப் பயம்!"

"அது வந்துங்க... கல்யாணத்துல எழுதிக் குடுத்தது..." என்று இழுத்தேன். "இவளுக்குத் தெரியாது..."

செல்வி முந்தானையைச் சுற்றுவதை நிறுத்தினாள். "எனக்கா தெரியாது? மால மாத்தும்போது நீங்க எக்குனீங்க. நான் குனிஞ்சேன். கல்யாணப் போட்டோவ எடுத்துப் பாருங்க."

அவர் டேப்பைச் சுருட்டினார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கேன்டீன்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தொரு வருடமாக ஒருத்தி குனிந்துகொண்டே இருந்திருக்கிறாள். நான் வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரியான உயரத்தைப் போட்டுக் கணக்கெடுத்ததும் அறுபத்தெட்டு வந்தது. உடம்பு இளைத்ததிலும் பந்து இழுத்ததிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. உண்மையைச் சொன்னதில் மீதி. டாக்டரம்மா பார்த்தார். "பரவால்ல, இங்கயே பண்ணலாம். தலைப்பக்கம் மேடா வச்சுப் படுக்க வைப்போம். முடிஞ்ச அன்னைக்கே எந்திரிச்சு ஒக்காரணும், நடக்கணும். அந்தப் பந்த விட்டுறாதீங்க." தேதியும் குறித்தார்.

ஆபரேஷன் அன்று காலை, பச்சைச் சட்டை மாட்டி ஸ்ட்ரெச்சரில் உட்கார வைத்தபோது எனக்கு நினைவில் இருந்த தெய்வங்கள் போதவில்லை. தியேட்டர் வாசலில் பார்த்தால் கைலியும் கையில் காய்கறிப் பையுமாக இன்னுங்கொஞ்சம்.

"லீவு இன்னைக்கு. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். பையில் ஒரு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. "மூஞ்சில மூடி வைப்பாங்க. நல்லா இழுத்து விடச் சொல்லுவாங்க. வேற எதையும் நெனைக்காதீங்க. பஸ்ஸுல ஏறுனமா, ஜன்னலோரம் ஒக்காந்தமா, அவ்வளவுதான்."

"வீடு போய்ச் சேருவேனாங்க?" என்று கேட்டுவிட்டேன். ஜோக்காக ஆரம்பித்த கேள்விதான். முடியும்போது ஜோக்காக இல்லை.

அவர் என் ஸ்ட்ரெச்சர் கம்பியைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார், பஸ்ஸைத் தட்டுகிற மாதிரி. "ரைட், போகலாம்!"

உள்ளே விளக்கு. குளிர். டாக்டரம்மாவின் சாந்தமான கண்கள். முகத்தில் மூடி. "நல்லா மூச்சு இழுங்க சார்." இழுத்தேன். புதுக்கோட்டை. விட்டேன். இழுத்தேன். திருவரங்குளம். வம்பனில் யாரோ ஏறினார்கள். ஆலங்குடிக்குள் வண்டி திரும்பியதாக ஞாபகம் இல்லை.

கண் திறந்தபோது வயிற்றில் நெருப்பு, தொண்டையில் மணல், காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"வாத்தியாரே, எறங்குங்க. கீரமங்கலம் வந்துருச்சு."

உயிரோடு இருந்தேன். பயத்தில் பாதி அழுதேன், வலியில் பாதி அழுதேன். அவர் விடவில்லை. அன்று சாயங்காலமே நிமிர்த்தி உட்கார வைத்து, வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லி, பந்துப் பெட்டியை வாயில் திணித்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வார்டையே எழுப்பினார். பக்கத்துப் படுக்கைக்காரர் தனக்கும் சேர்த்து இருமினார்.

செல்வி அப்புறம்தான் சொன்னாள். நான் உள்ளே இருந்த நேரம் முழுக்க அவர் தியேட்டர் வாசல் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். டீ வேண்டுமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாராம். "ஒரு வார்த்த பேசலீங்க. அந்த மனுசன் மூச்சு விட்ட மாதிரியே தெரியல."

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. போனில் அவர் பேரை 'இன்னுங்கொஞ்சம்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். உண்மைப் பெயரைக் கேட்டால், "காத்து வருதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்கிறார். மாதம் ஒருமுறை, பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் கூப்பிடுவார். நலமா, சாப்பாடு ஆச்சா எதுவும் கிடையாது. "ரைட்!" அவ்வளவுதான். நான் புதுக்கோட்டையில் கிளம்பி, கீரமங்கலத்தைத் தாண்டி, அறந்தாங்கி போய், திரும்பி ஆலங்குடி வரை வந்து நிற்பேன். "இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்" என்பார்.

பிறகு அவருக்குப் பேச ஒன்றும் இருக்காது. எனக்கும் இரைப்பில் பேச வராது. ஆனாலும் போனை வைக்க மாட்டார். பின்னால் ஒவ்வொரு பஸ்ஸாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும். என் மூச்சு சீராகிற வரைக்கும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.